க்ஷவர நுரையும் கல்லூரிக் கல்வியும்

கல்லூரிச் சஞ்சிகையில் க்ஷவர நுரையைப் பற்றி எழுதப் புகுவோர்க்கு முதலிற் கிடைக்கும் பரிசு நகைப்பேயாம். காவியச் சுவையும் நாட்டு வரலாறும் ஆராயப்பெறும் இப்பக்கங்களில், காலையிற் கண்ணாடி முன் நின்று மோவாயிற் பூசிக்கொள்ளும் வெண்ணுரைக்கு என்ன இடம் என்று நேயர் வினவலாம். வினவுக. ஆயினும், ஒருவன் கற்ற கல்வி அவனுக்குப் பயன்படுகின்றதா, அன்றி ஏட்டோடு நின்றுவிட்டதா என்பது நாடோறும் செய்யும் இத்தகைய சிறு செயல்களிலேயே வெளியாகும் என்பது எமது துணிபு. அத்துணிபு எமக்கு எங்ஙனம் உண்டாயிற்றென்பதை முதலிற் கூறுவோம்.

இற்றைக்கு இருபதாண்டுகட்கு முன் யாம் விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில், சிற்றூரொன்றிலிருந்து வந்த முதலாண்டு மாணாக்கர் ஒருவர் எமது வரிசையிலேயே அறை பெற்றிருந்தார். அவர் காலையில் க்ஷவரம் செய்துகொள்ளும்போது குளிக்குஞ் சோப்பையே நீரில் நனைத்துக் கையாற் குழைத்து முகத்திற் பூசிக்கொள்வார். ஏனையோர் கையிலோ அழுத்தினால் நுரை பீறிடும் தகரக் குப்பிகள். ஒருநாள் குழாயடியில் ஒருவர், "துணிக்கும் முகத்துக்கும் ஒரே கட்டியோ?" என்றார். எல்லோரும் நகைத்தனர். நகைத்தவருள் யாமும் ஒருவர். மறுவாரம் அவர் கையிலும் ஒரு குப்பி காணப்பட்டது. வெளியே ஒரு கடையிற் கடனுக்கு வாங்கினார் என்பதும், அக்கடனைத் தீர்க்கப்போய் அம்மாதத்து உணவுக் கட்டணம் தாமதப்பட்டு அபராதமுஞ் செலுத்தினார் என்பதும் நெடுநாட்கழித்தே எமக்குத் தெரியவந்தன.

இதில் வருந்தத்தக்க வேடிக்கை ஒன்றுண்டு. அதே பருவத்தில் இரசாயன வகுப்பில் கொழுப்புங் காரமுங் கூடிச் சோப்பாகும் வினையை யாங்கள் பயின்றுகொண்டிருந்தோம். தேர்வில் அச்சமன்பாட்டைப் பிழையின்றி எழுதாதவர் எம்முட் சிலரே. ஆயினும், குப்பியில் இருப்பதும் அம்மாணாக்கர் கையிலிருந்த கட்டியும் அடிப்படையில் ஒரே பொருள் என்று சொல்லி அந்நகைப்பை நிறுத்தும் அறிவு எம்மில் ஒருவர்க்கேனும் இல்லாமற் போயிற்று. அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லுகின்றோம்.

முதலில், க்ஷவரத்தில் நுரை செய்யும் வேலை யாது என்பதை ஆராய்வோம். தாடி மயிர் கெரட்டின் என்னும் கடினமான புரதத்தாலாயது. உலர்ந்திருக்கையில் அது கத்திக்கு எளிதில் இணங்குவதில்லை. நீரிலோ, அதிலும் வெதுவெதுப்பான நீரிலோ இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் நீரை உறிஞ்சி உப்பி மென்மையடைகின்றது. அப்பொழுது அதனை அறுக்க வேண்டிய விசை பெரிதுங் குறைகின்றது. ஆகவே மயிரை மென்மையாக்குவது நீரேயன்றி நுரையன்று. நுரை செய்பவை மூன்று: மயிரின்மேற் படிந்த எண்ணெய்ப்பசையை நீக்கி நீர் உட்புக வழிசெய்தல், அந்நீர் உலர்ந்துபோகாமற் காத்தல், கத்தி தோலின்மேல் வழுக்கிச் செல்லத் துணைபுரிதல். இம்மூன்றையுஞ் செய்வது எதுவாயினும் அது க்ஷவரத்திற்கு ஏற்றதே. நறுமணமும் நிறமும் குப்பியின் பளபளப்பும் இவ்வேலையிற் பங்குகொள்ளா.

இனி, கடையில் விற்கும் ஷேவிங் கிரீமில் இருப்பது யாது? மேலுறையில் அச்சிட்டுள்ள பட்டியலைப் படிப்போர்க்கு அது மறைபொருளன்று. பெரும்பாலானவற்றில் முதலில் நிற்பது தண்ணீர். அடுத்து ஸ்டியரிக் அமிலம், தேங்காயெண்ணெயிலிருந்து கிடைக்கும் அமிலங்கள், அவற்றைச் சோப்பாக்கும் பொட்டாசியக் காரம், ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், வாசனை என வரும். ஸ்டியரிக் அமிலத்தின் இயல்பை விளக்கியவர் பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் செவ்ரல் என்பார். கொழுப்புக்களைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் 1823-இல் வெளிவந்தது. சோடியக் காரத்தால் ஆகும் சோப்பு கட்டியாகும், பொட்டாசியக் காரத்தால் ஆவது குழம்பாகும். தேங்காயெண்ணெய் விரைந்து நுரைக்கும், ஆனால் அந்நுரை நிலையாது. ஸ்டியரிக் அமிலம் மெல்ல நுரைக்கும், ஆனால் அந்நுரை நெடுநேரம் நிற்கும். கிரீம் செய்வோர் திறமையெல்லாம் இவ்விரண்டையும் அளவறிந்து கலப்பதில் இருக்கின்றது. அத்திறமையை யாம் இகழவில்லை. ஆயினும் அது சோப்பும் நீரும் கூடிய பொருளே என்பதை மறக்கலாகாது.

அங்ஙனமாயின் இத்தனை வகைக் குப்பிகளுங் குழாய்களும் எங்ஙனம் தேவையாயின? வரலாறு சிறிது கூறுவோம். தள்ளிவிடத்தக்க மெல்லிய பிளேடுகளையுடைய கில்லெட் என்பாரது க்ஷவரக் கருவி 1903-இல் விற்பனைக்கு வந்தபோது, அவ்வாண்டு முழுவதும் விலைபோனவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. பின்னர் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு அவை வழங்கப்பெற்றமையால், தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் பரவிற்று. அதன்பின் பிரஷையும் கிண்ணத்தையும் வேண்டாதபடி செய்யும் கிரீம்கள் தோன்றின. பார்பசால் என்பது 1919-இலும், பர்மா ஷேவ் என்பது 1925-இலும் அமெரிக்காவில் வெளிவந்தன. பர்மா ஷேவ் கம்பெனியார் சாலையோரங்களில் வரிசையாகப் பலகைகளை நட்டு, ஒவ்வொன்றிலும் வேடிக்கைப் பாட்டின் ஒவ்வோர் அடியை எழுதி, வண்டியிற் செல்வோர் படித்துக்கொண்டே போகுமாறு செய்தனர். அப்பலகைகள் 1963 வரை நின்றன. களிம்பின் குணத்தினும் பலகையின் பாட்டே பலர்க்கு நினைவிருந்ததென்றால் அது வியப்பன்று. 1950-ஐ ஒட்டி அழுத்துங் குப்பி வந்தது. அதில் நுரையைத் தள்ளுவதற்கு முதலிற் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன் என்னும் வாயுக்கள் வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பன என 1974-இல் இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. இப்போது பியூட்டேன், புரொப்பேன் போன்ற எரிவாயுக்களே பெரும்பாலும் அடைக்கப்படுகின்றன. மோவாயில் ஒரு கைந்நுரை வைப்பதற்காக மனிதன் எத்துணைத் தொலைவு சென்றான் பாருங்கள்!

நிற்க. குப்பியை விடுத்தால் வேறு வழி யாது என்பார்க்கு, யாம் எமது முகத்திலேயே செய்து பார்த்தவற்றை எடுத்துரைப்போம்.

முதலாவதும் சிறந்ததும் குளிக்குஞ் சோப்பும் ஒரு பிரஷுமே. சோப்பின் மேலுறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது அக்கட்டியிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. நூற்றுக்கு 76 பங்கிற்குக் குறையாதிருப்பின் அது முதற்றரச் சோப்பு. அத்தகையதையே தேர்க. நைலான் மயிர் பொருத்திய மலிவான பிரஷே போதும், அது சில ஆண்டுகள் உழைக்கும். குளித்து முடிந்தவுடன், அன்றேல் வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் இரண்டு நிமிடம் வைத்தெடுத்தபின், நனைந்த பிரஷைச் சோப்பின்மேல் அரை நிமிடம் சுழற்றி முகத்தில் வட்டமாகத் தேய்க்க. நுரை உலர்வதாகத் தோன்றினால் பிரஷின் நுனியை நீரில் தொட்டு மீண்டுந் தேய்க்க. தேங்காயெண்ணெய் இரண்டு துளியை முன்னரே முகத்திற் தடவிக்கொள்வது வறண்ட தோலுடையார்க்கு நன்று. மயிர் வளரும் திசையிலேயே கத்தியைச் செலுத்துக.

சோப்பு நுரைக்கவில்லை என்று குறைகூறுவோர் பலர். பெரும்பாலும் குறை சோப்பினதன்று, நீரினதே. ஆழ்துளைக் கிணற்று நீரிற் பல இடங்களிற் கால்சியம், மக்னீசியம் என்பவற்றின் உப்புக்கள் மிக்கிருக்கும். அவை சோப்போடு கூடி வெண்ணிறக் கசடாகத் திரிந்துவிடுமாதலின் நுரை எழாது. அந்நீரைக் கொதிக்கவைத்து, அடியிற் படிவதை விடுத்துத் தெளிவை எடுத்துக்கொண்டால் கடினத்தின் ஒரு பகுதி நீங்கும். மழைநீர் கிடைப்பின் அதனினுஞ் சிறந்தது வேறில்லை. க்ஷவரத்திற்கு வேண்டியது ஒரு குவளை நீர்தானே!

இரண்டாவது, தேய்ந்து கைக்கு அடங்காமற் போகும் சோப்புத் துண்டுகளைக்கொண்டு செய்வது. அவற்றைத் துருவி, துருவல் ஒரு பங்கிற்கு வெந்நீர் இரண்டு பங்கு சேர்த்து ஓர் இரவு ஊறவைக்க. மறுநாள் அதனை நன்றாக மசித்து, மருந்துக்கடையில் விற்கும் கிளிசரின் ஒரு சிறு கரண்டியும் தேங்காயெண்ணெய் ஒரு சிறு கரண்டியும் விட்டுக் கடைந்தால் வெண்ணெய் போலத் திரளும். கடைக் கிரீமைப்போல் இது ஒரே சீராக இராது. சோடியச் சோப்பாதலின் இறுகும், இறுகினால் வெந்நீர் சிறிது விட்டுக் குழைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவே செய்து மூடிவைக்க. நெடுநாள் வைத்தால் கெடக்கூடும்.

மூன்றாவது, சோற்றுக் கற்றாழை. மடலை அறுத்துச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்தால் மஞ்சள்நிறப் பால் வடியும். அது சிலர் தோலை உறுத்தும் ஆதலால் அதனைக் கழுவிவிட்டு உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுத்துக் குழைத்துப் பூசுக. நுரை சிறிதும் எழாது, ஆனால் கத்தி நன்றாய் வழுக்கும். முதன்முறை முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி ஒருநாள் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைப்பனவே. ஆயினும் அந்நுரை மெலிந்தது, கண்ணிற் பட்டால் மிக எரிக்கும். அவற்றைத் தலைக்கே விட்டுவிடலாம். பயற்றமாவு கழுவுதற்கு நன்றேயன்றிக் கத்திக்குமுன் பூசத் தகாது. என்னை? அதன் பொடி பிளேடுக்கும் தோலுக்கும் இடையே உராயும். முடிந்தபின் குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியை மெல்லத் தடவினால் சிறு கீறல்களில் இரத்தம் நிற்கும். இஃது எமது முடிதிருத்துந் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறையே. ஆயின் படிகாரத்தையும் பிளேடையும் பிரஷையும் ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளுதல் ஒருபோதுங் கூடாது. மஞ்சட்காமாலையை விளைக்கும் சில நோய்க்கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுவன. நட்பிற்கு அறிகுறியாக வேறு எதனையேனும் பகிர்ந்துகொள்க.

செய்யத்தகாதனவும் சில உள. துணி சோப்பு, சலவைத்தூள், சலவைச்சோடா, எலுமிச்சஞ்சாறு ஆகியவற்றை முகத்திற் பூசலாகாது. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது புளிப்புத்தன்மையுடையது. கடுங்காரமும் கடும்புளிப்பும் அதனைப் புண்படுத்தும். விடுதியறையில் எரிசோடாவைக்கொண்டு சோப்புக் காய்ச்சத் துணிதல் பெருங்கேடு. அதனை ஆசிரியர் முன்னிலையில், கண்ணுக்குக் காப்பிட்டு, ஆய்வுக்கூடத்திலேயே செய்ய வேண்டும்.

சிக்கனம் என்னும் பெயரால் உலவும் பொய்ச் சிக்கனங்களையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அவை மூன்று. மழுங்கிய பிளேடையே மாதக்கணக்கில் இழுத்து முகத்தைப் புண்ணாக்கிக்கொள்வது ஒன்று. ஐந்தாறு முறைக்குப்பின் பிளேடை மாற்றுதல் செலவன்று, காப்பு. மலிவு ஒன்றையே கருதி எதனையும் வாங்குதல் மற்றொன்று. முதல் உலகப்போர்க் காலத்தில் தூய்மை செய்யப்படாத குதிரைமயிராற் செய்த மலிவான க்ஷவர பிரஷ்களால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படைவீரர் உட்படப் பலர்க்கு ஆந்த்ராக்ஸ் என்னும் கொடுநோய் தொற்றிற்று, சிலர் மாண்டனர். மூன்றாவது இக்காலத்துப் புதுமை. வீட்டிலேயே செய்கின்றோம் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கொட்டையின் கொழுப்பும், வாதுமையெண்ணெயும், பலவகை வாசனைத் தைலங்களும் வருவித்துக் கலந்து, கடைக் கிரீமைப்போற் பன்மடங்கு செலவு செய்வது. கையாற் செய்ததெல்லாம் சிக்கனமாகாது. இருப்பதைக்கொண்டு வேண்டியதை முடித்தலே சிக்கனம்.

இனி எமக்கு எதிராகக் கூறப்படுவன இரண்டொன்றை நோக்குவோம். "காலையில் நேரமில்லை" என்பர் சிலர். பிரஷால் நுரையெழுப்ப ஆவது இரண்டு நிமிடம். மயிர் ஊறுவதற்கு வேண்டிய நேரமும் அதுவே. ஆகவே அந்நேரம் வீண்போகவில்லை. "சோப்பு எமது தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்பர் வேறு சிலர். அது உண்மையாயிருக்கலாம். சோப்பின் காரத்தன்மையால் வறட்சியும், மயிர் உள்வளைந்து கொப்புளமும் உறுவோர் உளர். அவர்கள் மருத்துவர் சொற்படி தமக்கேற்ற கிரீமை வாங்குக. எமது வாதம் கிரீமின்மேலன்று, கிரீமின்றி முகமில்லை என்னும் மயக்கத்தின்மேல். வேறொன்றும் நினைவிற்கொள்க: நுரையில் மிச்சம் பிடிக்கலாம், முடிதிருத்துவோர் கூலியிற் பிடிக்கலாகாது. முன்னது சிக்கனம், பின்னது அநீதி.

காந்தியடிகள் தமது சுயசரிதையில் ஒரு செய்தி கூறுகின்றார். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்தில் ஆங்கில முடிதிருத்துவோர் ஒருவர் அவர்க்கு முடிவெட்ட இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். காந்தி கத்தரிக்குங் கருவியொன்றை வாங்கிக் கண்ணாடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் கெட்டது. நீதிமன்றத்து நண்பர்கள் அவர் தலையை எலி கடித்ததோ என்று கேட்டு வயிறு குலுங்க நகைத்தனர். அவர் நாணவில்லை, நடந்ததை உள்ளபடி கூறினார். அம்மட்டோ? மறுத்தவரையும் அவர் பழிக்கவில்லை. நம் நாட்டில் தீண்டாமையின் பெயரால் நம் சகோதரர்க்கு முடிவெட்டவிடாது நாமே தடுத்துவைத்தோமன்றோ, அதன் பயனையே யாம் பெற்றோம் என எண்ணினார். சிக்கனத்தைக் கைக்கொள்வோன் முதலிற் கடக்க வேண்டியது பிறர் நகைப்பை என்பதும், அந்நகைப்பினடியில் உயர்வு தாழ்வு என்னும் எண்ணமே ஒளிந்துகிடக்கின்றது என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

எனவே யாம் இரண்டு யோசனைகளைக் கல்லூரியார் முன் வைக்கின்றோம். ஒன்று, இரசாயனப் பகுதியார் ஆண்டிற்கு ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் சோப்புச் செய்து காட்டுவதோடு, கடையில் விற்கும் கிரீம், சோப்பு முதலியவற்றின் மேலுறைகளை மாணாக்கர்க்குப் படித்து விளக்குதல். சமன்பாடு அன்று உயிர்பெறும். மற்றொன்று, விடுதிக்கு வரும் புது மாணாக்கரை முதல் வாரத்திலேயே மூத்த மாணாக்கர் சந்தித்து, எவை வாங்க வேண்டும் என்பதோடு எவை வாங்க வேண்டா என்பதையும் எடுத்துரைத்தல். அதனை மூத்தோர் வாயாற் கேட்டால், வறுமையை மறைக்கக் கடன்படும் நிலை எவர்க்கும் வாராது. மாணவியர் இக்கட்டுரை தமக்குரியதன்று எனக் கருதற்க. முகப்பூச்சுக்கும் கூந்தற்கழுவிக்கும் இவ்வாராய்ச்சி ஒப்பப் பொருந்தும். "இப்பொருள் செய்யும் வேலை யாது? அதனைச் செய்ய எம்மிடத்து இருப்பது யாது?" என்னும் இரண்டு வினாக்களே வேண்டுவன.

அக்காலத்துக் குழாயடி மாணாக்கரை யாம் பின்னர் ஒருமுறை கண்டு, எமது நகைப்பிற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் அந்நிகழ்ச்சியை மறந்திருக்கவில்லை. "அக்குப்பி தீர்ந்தபின் மீண்டும் சோப்பையே எடுத்தேன், அப்போது யாரும் நகைக்கவில்லை, நான் முன்போலக் குனிந்து நிற்காததனால்" என்றார். இன்று யாம் பூசுவதும் சோப்பு நுரையே. மாணாக்கர்காள்! உங்கள் குழாயடியில் ஒருவர் கட்டிச் சோப்போடு வந்து நிற்பின் அவர்க்கு இடம் விடுங்கள். கூடுமாயின் ஒரு குவளை வெந்நீருங் கொடுங்கள்.